தண்ணீர் வேண்டாம் என்ற டேப்

காவிரித் தண்ணீர் வந்துவிடக் கூடாது என்று சாமி கும்பிட்ட ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, காரைக்கால் முழுவதற்கும் டேப் ஒருவன்தான். அவன் ஏதோ மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று நினைக்காதீர்கள். நெடுங்காட்டில் நெல் போடுகிற வீட்டுப் பிள்ளை. தின்கிற சோற்றையே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவன்.

பிள்ளைகளே, இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் நீலக்கொடி என்று ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. கேப்டன் ஜபார் பாய். அவருடைய வாப்பாவின் ஜவுளிக் கடையில் விற்காமல் கிடந்த ஒரு பீஸ் நீலத் துணியில் ஏழு சட்டை தைத்ததால் அந்தப் பெயர். பந்துக்குக் காற்றடிக்க ஆள் வேண்டும் என்பதால் ஏழாவது சட்டை எனக்குக் கிடைத்தது. பெஞ்சில் உட்காருவேன். எழுந்திருக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

அந்த அணிக்கு டேப் போல ஒரு ரசிகன் வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டமா, அவனுடைய தலையெழுத்தா, தெரியவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் எப்போதும் தையற்காரர் டேப் தொங்கும். கூடைப்பந்தில் உயரம்தான் எல்லாம் என்பது அவன் கட்சி. உயரமாக யாரைப் பார்த்தாலும் அளந்துவிடுவான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை அளந்தான். சட்டைக்கு அளவெடுக்கிறான் என்று நினைத்த பெண் வீட்டார், "தம்பி, அப்புடியே மச்சானுக்கும் ஒண்ணு எடுத்துடுங்க" என்றார்கள். எடுத்தான். மச்சான் இரண்டு அங்குலம் கம்மி என்று வருத்தப்பட்டான்.

அவனுடைய உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அதை மட்டும் யாரும் அளக்க விடமாட்டான்.

ஒவ்வொரு வருஷமும் போட்டிகள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ரெக்கார்டு நோட்டில் முடிவுகளை எழுதிவிடுவான். முதல் ஆட்டம், பன்னிரண்டு பாயிண்டில் ஜெயிக்கிறோம். அரையிறுதி, நான்கு பாயிண்ட். இறுதி ஆட்டம், ஒரே பாயிண்ட்.

"ஏண்டா, அதுல மட்டும் ஏன் ஒண்ணு?" என்று கேட்டார் ஜபார் பாய்.

"பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் திக்குதிக்குன்னு இருக்க வேணாமா பாய்?"

நாங்கள் வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே மாயவரத்து அணியிடம் தோற்போம். டேப் நோட்டில் எதையும் அடிக்க மாட்டான். மேலே இருக்கிற வருஷத்தை மட்டும் மாற்றிக்கொள்வான்.

ஒரு மாங்கனித் திருவிழாவில்தான் அவனுக்கு யோகம் அடித்தது. சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளில் இருந்து மாம்பழம் இறைப்பார்கள், கீழே கூட்டம் பாய்ந்து பிடிக்கும் அல்லவா? எல்லோரும் பழத்தைப் பார்த்தால், டேப் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ கைகளுக்கு மேலே ஒரு கை மட்டும், குதிக்காமல் கொள்ளாமல், மரத்தில் பறிக்கிற மாதிரி ஐந்து பழம் பறித்தது. டேப் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். மறுமுனையில் வீரையன் இருந்தார். குரும்பகரத்துக்காரர், வயல் வேலை. ஆறடி மூன்றரை அங்குலம்.

"அண்ணே, பந்து வெளயாடுவீங்களா?"

"சாமி பழத்த வாங்கிக்கிட்டு நிக்கறன், இப்பப் போயி என்ன தம்பி பந்து?"

எப்படிப் பேசினானோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரையன் எங்கள் மைதானத்தில் வந்து நின்றார். அவருடைய வேலை என்ன தெரியுமா? நடவின்போது வரப்பில் நின்றுகொண்டு நாற்று முடிகளை, அதாவது கட்டிவைத்த நாற்றுக் கட்டுகளை, வீசுவது. பதினைந்து பெண்கள் நடுவார்கள். யாருக்கு நாற்று தீர்கிறதோ அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், சேறு தெறிக்காமல் முடி போய் விழ வேண்டும். பந்தையும் அப்படித்தான் வீசினார். மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் பந்து நம் கைக்கு வந்து உட்காரும். ஆனால் கூடையில் மட்டும் போட மாட்டார்.

"கூடையில போடுங்கண்ணே!" என்று டேப் கத்துவான்.

"அங்க ஆள் யாரும் இல்லீங்களே தம்பி. யாருக்கு வீசறது?"

ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை. கடைசியில் டேப்புக்கு ஞானம் பிறந்தது. "அவரு போடவே வேணாம் பாய். இந்த ஒசரத்தப் பாத்து மாயவரத்தான் மூணு பேர அவரு மேல விடுவான். மத்த நாலு பேரு சும்மா நிப்பீங்க. பந்து வரும், போட்டுக்கங்க."

இந்த வருஷம் நமக்குத்தான் என்று நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம். டேப்புக்கோ அதுதான் கடைசி வாய்ப்பு. பட்டப் பரீட்சை எழுதியிருந்தான். ரிசல்ட் வந்ததும் பம்பாயில் மாமா வீட்டுக்கு வேலை தேடப் போக வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறான், நீலக்கொடி ஓர் ஆட்டம் ஜெயித்து அவன் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேட்டூரைத் திறந்தார்கள்.

தண்ணீர் வந்தால் நடவு. நடவு என்றால் வீரையன் வயலில். போட்டி முடிகிற வரை தண்ணீர் வராமல் இருந்தால் தப்பித்தோம். டேப் தினமும் காலையில் வாய்க்கால் மதகுக்குப் போய் டேப்பை உள்ளே விட்டுப் பார்ப்பான். காய்ந்த மண்தான் ஒட்டும். பல்லெல்லாம் தெரியத் திரும்பி வருவான். அங்கே நின்ற விவசாயிகள், "படிச்ச புள்ளைக்கு என்னா அக்கற பாரு!" என்று மெச்சினார்கள். அவன் அப்பா மட்டும் ஏமாறவில்லை.

"ஊரே வாய்க்காலப் பாத்து அளுவுது. ஒனக்கு மட்டும் எப்புடிடா ரெண்டு தோச கூட எறங்குது?"

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது. அவன் அப்பா வாய்க்காலில் கற்பூரம் கொளுத்தினார். டேப் என் கடைக்கு வந்து, டயர் மேல் உட்கார்ந்தான். "குரும்பகரத்துக்கு வர்றீங்களாண்ணே?" என்றான்.

கிணற்றுத் தண்ணீரில் முன்பே விட்டிருந்த நாற்றங்காலில் வீரையன் நின்றார். "நம்ம மொறைக்கு மூணு நாளுதான் தம்பி தண்ணி. ஆட்டத்தன்னிக்குக் காலையிலதான் எங்க பக்கம் நடவு. நான் வந்துட்டா பதினஞ்சு பொம்பளைங்க கையும் நிக்கும். கோச்சுக்காதீங்க."

டேப் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

"நீங்க போங்கண்ணே. நாத்து நான் வீசறேன்."

வீரையன் சிரித்துவிட்டார். "அப்ப ஆட்டத்த யாரு பாக்கறது?"

"நீங்க இல்லாம அதுல பாக்க என்ன இருக்கு?"

காலை எட்டு மணிக்கு ஆட்டம். டேப் சொன்னது அப்படியே நடந்தது. மூன்று பேர் வீரையனைச் சுற்றி வேலி கட்டினார்கள். அவர் வேலிக்கு மேலே பந்தை எடுத்து யாருக்காவது வீசிக்கொண்டே இருந்தார். கடைசி நிமிடத்தில் சமம். வீரையன் வீசினார், ஜபார் பாய் போட்டார். இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்! எல்லோரும் ஒருவரை ஒருவர் தூக்கினார்கள். வீரையனைத்தான் யாராலும் தூக்க முடியவில்லை.

அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, கால் இரண்டும் ரோட்டில் தேய, குரும்பகரத்துக்கு மிதித்தேன். தூரத்திலேயே வயலில் கூச்சல் கேட்டது.

"ஏ தம்பி, நாத்த வீசறியா, எங்கள வீசறியா? இந்தா, முதுவப் பாரு, முச்சூடும் சேறு!"

பெண்களை விட அவன் மேல்தான் சேறு அதிகம். கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினேன். கையில் இருந்த முடியை அவன் எங்கேயோ வீசினான். அது போய் ஓர் அக்காவின் தலையில் உட்கார்ந்தது. அந்த அக்கா திட்டிய திட்டை நான் உங்களுக்கு எழுத முடியாது.

வீரையன் நீலச் சட்டையோடே சேற்றில் இறங்கி வேலையைத் தொடர்ந்தார். டேப் வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மொதல்லேருந்து சொல்லுங்கண்ணே. ஒண்ணையும் வுடக் கூடாது."

சொன்னேன். ஒவ்வொரு பந்துக்கும் எங்கிருந்து, எந்தக் கையால் என்று கேட்டான். கடைசி நிமிடத்துக்கு வந்தபோது அவன் மூச்சே விடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, "கடைசிக் கூடைய வீரையண்ணன் போட்டாருடா" என்று சொல்லிவிட்டேன்.

"போட்டாரா!" டேப் வரப்பிலேயே எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே, போட்டீங்களா?"

வீரையன் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "ஆமாங்க தம்பி. போட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் அரையிறுதிக்கு டேப் வந்தான். இருபது பாயிண்டில் தோற்றோம். அவன் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அடுத்த மாதம் பம்பாய்க்குப் போய்விட்டான். இப்போதும் லீவில் வந்தால் டீக்கடையில் அந்த முதல் ஆட்டத்தைச் சொல்வான், நேரில் பார்த்தவன் மாதிரி. வீரையன் எகிறிக் கூடையில் போட்ட இடம் வரும்போது கையை மேலே தூக்கிக் காட்டுவான். அந்தக் கூடையைப் போட்ட ஜபார் பாய் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "என்னா போடு போட்டாருங்கறே!" என்பார்.

பொய் சொல்லக் கூடாது என்று உங்களை அடித்திருக்கிறேன். அது சரிதான். ஆனால் டேப் மாமா நம் வீட்டுக்கு வந்து அந்த ஆட்டத்தைச் சொன்னால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என் பக்கம் திரும்பி, "டேப் மாமா அன்னைக்கி எங்க இருந்தாரு, அப்பா?" என்று யாராவது கேட்டால், பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருந்தான் என்று சொல்வேன்.