கிருமிக்குக் குலம் விசாரிப்பவர்

ஆடு செத்தால் சாகட்டும், அதைக் கொன்ற கிருமி எந்தக் குடும்பம் என்று தெரிந்தாக வேண்டும் என்று நிற்கும் ஒரு ஜாதி மனிதர்கள் உண்டு. இஜாரா என்ற எங்கள் ஊரில் எங்களுக்கு வாய்த்தவர் ஹிர்சி.

எங்கள் சோமாலியருக்குள் இரண்டு பேர் சந்தித்தால், பாட்டன் பூட்டன் பெயர்களை அடுக்கி, எந்தக் கிழவரிடம் ஒன்றுசேர்கிறோம் என்று பார்த்த பிறகுதான் தொண்டையில் தேநீர் இறங்கும். அதுவரை இது மனிதரோடு நின்றிருந்தது. வெள்ளம் வடிந்து, கொசு பெருகி, ஆடுகளுக்குச் சினை கலையத் தொடங்கியதும், ரத்தம் எடுத்துப்போன கால்நடை மருத்துவர் திரும்பி வந்து, "இந்தக் காய்ச்சல் கிருமி தலைமுறைக்குத் தலைமுறை மாறுது, அதுக்கும் கிளை, வம்சம் எல்லாம் இருக்கு. அது கிடக்கட்டும், சீக்கு ஆட்டை அறுக்காதீங்க, ரத்தத்துல கை வைக்காதீங்க" என்றார். ஹிர்சி காதில் விழுந்தது முதல் பாதி.

ஆற்றங்கரை ஊரிலிருந்து துபோ என்பவர் வந்தார். அவரும் இதே ரகம்.

"உங்க பக்கத்துக் கிருமிதான் எங்க ஆட்டைக் கெடுத்துச்சு."

"எங்களுது அப்படிப்பட்ட குடும்பம் இல்ல, ஹிர்சி."

கிருமியைக் கண்ணால் காணாத இருவரும் மதியம் வரை அதற்குத் தாத்தாக்களை அடுக்கி, இரண்டு பக்கத்துக் கிளைகளும் ஏதோ ஒரு பூட்டனிடம் சேர்வதைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார்கள். சொந்தம் கூடினால் கிடா அறுக்க வேண்டாமா? கைவசம் இருந்தது காய்ச்சலில் கொதிக்கும் கிடா ஒன்று. தானாகச் செத்துவிட்டால் மார்க்கப்படி தின்ன முடியாதே என்ற அவசரம் வேறு.

ஹிர்சியின் மனைவி எப்லா குறுக்கே நின்றாள்.

"ஏங்க, டாக்டர் அறுக்கக் கூடாதுன்னாரே."

"அது வேத்துக் கிருமிக்குச் சொன்னதுடி. இது நமக்குப் பங்காளி."

"பங்காளிக்குப் பயப்படாதவன் எந்த ஊர்ல இருக்கான்?"

ஹிர்சி கேட்கவில்லை. தானே அறுத்தார், தானே உரித்தார். நன்றாக வெந்த கறியை மட்டும் தின்ற துபோ ஏப்பம் விட்டபடி ஊர் போய்ச் சேர்ந்தார். சில நாளில் ஹிர்சி கண் சிவந்து, உடல் நடுங்கிப் படுத்துவிட்டார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. எப்லா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செவிலியர் ரத்தம் எடுத்தார். தலையைத் தூக்க முடியாத மனிதர் உதட்டை அசைத்தார். பிழைப்பேனா என்று கேட்கிறார் என நினைத்துக் குனிந்தோம்.

"எந்தக் கிளைன்னு... கேட்டுச் சொல்லுங்க."

எப்லா அழுகையை நிறுத்தினாள். "முதல்ல பொழைச்சு எழுந்திரிங்க. நான் சொல்றேன்."

பிழைத்துக்கொண்டார். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அந்த ரத்தத்தில் கடைசியில் எந்தக் கிளைதான் இருந்தது என்று கேட்க உங்கள் நாக்கும் துறுதுறுக்கிறதென்றால், வீட்டுக் கத்தியை இன்றே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.