தாமல் தவளையும் மாகறல் வௌவாலும்

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன படித்தாய் என்று கேட்டால், பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காபியை நீட்ட வேண்டும். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை.

வந்தவர்கள் பிள்ளை, அவருடைய அம்மா, பெரியம்மா. காஞ்சிபுரத்தில் சொந்தமாகப் பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பம். பிள்ளை ஒரே மகன். காபியை அவருடைய அம்மாதான் ஆற்றி அவர் கையில் கொடுத்தார். (அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.)

எதில் ஆய்வு செய்தேன் என்று பிள்ளை கேட்டார். தாமல் ஏரித் தவளையையும், மாகறல் புளியமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவாலையும் ஒப்பிட்டேன் என்றேன்.

“ரெண்டுத்துக்கும் என்னங்க சம்பந்தம்?”

கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் கைடுகூட அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் வாய் திறந்துகொண்டது.

தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும், வௌவாலோ ஒரே ஒரு குட்டி போட்டு, அதை மார்போடு ஒட்டவைத்துக்கொண்டே பறக்கும், லேசில் விடாது என்று விளக்கினேன். முந்தானையை விரித்துப் பறந்தும் காட்டினேன்.

அம்மா, மகனின் தோளில் இருந்த கையை எடுத்தார்.

“என்னை வௌவாலுன்றியாமா?” என்றார் நிதானமாக.

பதறிப்போய், வௌவால்தான் நல்ல தாய், மோசமானது தவளைதான் என்றேன். ஐந்து பெற்ற பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். அம்மா எழுந்தார், அவரும் பின்னாலேயே எழுந்து போனார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. (எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.)

ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். என் அம்மா அவரிடம், “இனிமே பொண்ணு படிச்சிருக்குதுன்னு மட்டும் சொல்லுங்கப்பா. எதுலன்னு சொல்ல வேணாம்” என்றார். தரகர் அப்படியே செய்தார். கல்யாணமும் ஆயிற்று.

இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் என் தம்பி தோளில் துண்டை விரித்துக்கொண்டு அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர்தான் அதிகம் சிரிப்பார். நல்ல மனிதர். பக்கத்தில் இருப்பவர்கள் உங்கள் வீட்டம்மா என்ன படித்தவர் என்று கேட்டால், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார்:

“ஏதோ சயின்ஸுங்க.”