பருந்து இருந்த இடம்

ஒரு காட்டில் பருந்து ஒன்று தினம் ஒரு குஞ்சாகத் தூக்கிக்கொண்டு போனது. தாய்ப்பறவைகள் கூட்டமாகப் போய் அழுதன. ராஜா சிங்கம் மனமிரங்கி, லேசர் ராடார் ஒன்றை வரவழைத்துப் பாறைமேல் நிறுத்தியது. அதை இயக்கும் வேலை முள்ளம்பன்றி ஏகாம்பரத்துக்குக் கிடைத்தது.

"ஒளி போய்ப் பருந்துமேல பட்டுத் திரும்பும். அதுக்கு ஆகுற நேரத்த வெச்சு தூரம் தெரியும்" என்று ஏகாம்பரம் விளக்கியது. "ஆனா கொஞ்சம் முன்னபின்ன காட்டும். அதனால, வந்த பாதையப் பார்த்து அடுத்து எங்க இருக்கும்னு மெஷினே மதிப்பிட்டுக்கும். அதுக்கு ரொம்பத் தள்ளி ஏதாவது தெரிஞ்சா, பிழைன்னு ஒதுக்கிடும்."

மூன்று குஞ்சுகளோடு நின்றிருந்த கௌதாரி செங்கமலத்துக்குப் பாதிதான் புரிந்தது. "பருந்து இறங்கினா சொல்லிடுவீங்களா சார்?"

"சங்கு ஊதும்மா. நிம்மதியா மேயுங்க."

அதை நம்பி, செங்கமலம் மறுநாள் பாறைக்குக் கீழே இருந்த திறந்த வெளியில் முதல்முறையாகக் குஞ்சுகளை மேயக் கூட்டி வந்தது.

உச்சிவெயிலில் பருந்து கிழக்கு மலையைப் பார்த்து நேராகப் பறந்தது. திரையில் பச்சைக்கோடும் நேராக நீண்டது. திடீரென்று பருந்து சிறகை மடக்கித் திரும்பிப் பாய்ந்தது. திரையின் ஓரத்தில் 'பிழை, பிழை' என்று மின்னியது. பச்சைக்கோடு மலையை நோக்கி அழகாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஐயோ சார், என் தலைக்கு மேல இருக்கு!"

"இருக்காதும்மா. மலைகிட்டப் போயிடுச்சு."

"கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க சார்!"

"நான் நிமிர்ந்து பார்க்கிறதுன்னா மெஷின் எதுக்கு?"

பருந்து கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சங்கு ஊதவே இல்லை.

விசாரணை நடந்தது. பருந்து பதறாமல் வந்து நின்றது. "அந்த நேரத்துல நான் கிழக்கு மலைக்கு மேல இருந்தேன் ராஜா. உங்க மெஷினையே கேளுங்க."

பதிவைக் கொண்டுவந்து விரித்தார்கள். கோடு மலைவரை போயிருந்தது.

"அது அலகுல என் பிள்ளையோட இறகு ஒட்டியிருக்கே ராஜா!" என்று செங்கமலம் கதறியது.

ஏகாம்பரம் கிட்டப் போய் இறகை உற்றுப் பார்த்தது. பிறகு பதிவைப் பார்த்தது. "மதிப்பீட்டுக்கு ரொம்பத் தள்ளியிருக்கு, ராஜா. பிழை."

பருந்து விடுதலையானது. பொய்ப்புகார் கொடுத்ததற்காக, பாறைப் பக்கமே வரக்கூடாது என்று செங்கமலத்துக்கு உத்தரவானது. அது மீதி இரண்டு குஞ்சுகளை அழைத்துக்கொண்டு முட்புதருக்குள் குடிபோனது.

மறுநாளும் பருந்து கிழக்கு நோக்கி நேராகக் கிளம்பியது.

நீதி: திருடப் போகிறவன் கிளம்பும்போது மட்டும் நேராகக் கிளம்பினால் போதும், மீதித் தூரத்துக்கு நிர்வாகமே அவனை நேர்வழியில் நடத்திச் செல்லும்.