ஒன்பதாவது குறிப்பை உடனே தடுத்து நிறுத்தவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்றும், இந்தக் கடிதத்தைத் தாங்கள் நின்றுகொண்டு படிக்கக் கூடாது என்றும் விரும்புகிறேன். எங்கள் வீட்டில் மூவரும் உடம்பளவில் நலம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அடுப்படிப் பொருள்களைக் கொண்டே வீட்டைச் சுத்தம் செய்யப் பத்துக் குறிப்புகள் வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவர் ‘முப்பது ஆண்டு அனுபவமுள்ள இல்லத்தரசி’ என்று போட்டிருந்தது. ஐயா, அது நான்தான். எனக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். முப்பது ஆண்டு என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நூலகத்தில் உங்கள் பத்திரிகையின் பழைய கட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அதில் குறிப்பு எழுதுகிறவர்கள் யாருமே இருபது ஆண்டுக்குக் குறைந்தவர்கள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து கூட்டிக்கொண்டேன். அந்தப் பத்துக் குறிப்புகளில் ஒன்றைக்கூட நான் செய்து பார்க்கவில்லை. அறிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்து எழுதினேன். யோசிக்கும்போது பத்துமே மிகவும் சரியாக இருந்தன.

என் அம்மா தையல்காரர். எங்கள் முன்னறைதான் அவருடைய கடை. மிஷின், துணி வெட்டும் மேஜை, ஆள் உயரக் கண்ணாடி, ஊசி குத்தி வைக்கும் பஞ்சுத் தலையணை எல்லாம் அங்கேதான். உங்கள் பக்கத்தை அம்மா கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். பொத்தான் தைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, “எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருடி. இந்த அம்மா வீடு எப்படிப் பளிச்சுனு இருக்கும்!” என்கிறார். அந்த அம்மாவின் வீடு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அதில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து நடப்பதை நான் சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, முதலில் மாடிப்படி, அது மாடியில் குடியிருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்காரர் தன் கையாலேயே தேர்ந்தெடுத்துப் போட்ட வெள்ளைப் பளிங்குப் படி, தினமும் அதில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவார், அதில் என் இரண்டாவது குறிப்பின்படி அப்பா எலுமிச்சம்பழ மூடியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டார், அழுக்கு போய்விட்டது, அதோடு மினுமினுப்பும் போய்விட்டது, இப்போது ஒவ்வொரு படியிலும் வட்ட வட்டமாக மங்கல் தெரிகிறது, பளிங்குக்கும் அமிலத்துக்கும் ஆகவே ஆகாது என்று அதே அறிவியல் புத்தகத்தின் அடுத்த பாடத்தில் இருக்கிறது, நான் அடுத்த பாடத்துக்குப் போவதற்குள் குறிப்பை அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் குனிந்து குனிந்து பார்த்து, “என் மூஞ்சி எங்கப்பா போச்சு?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, “பேப்பர்ல போட்டிருந்துச்சு சார், பெரிய அனுபவசாலி எழுதியிருக்காங்க” என்றார். வீட்டுக்காரர், “அந்த அனுபவசாலி மட்டும் என் கையில கிடைக்கட்டும்” என்றார். அவருக்கு இரண்டு படி மேலே நான் நின்றுகொண்டிருந்தேன் ஐயா.

அப்புறம் நான்காவது குறிப்பு. மர நாற்காலிகளைக் கெட்டியான தேநீரால் துடைத்தால் புதிது போல் ஆகும் என்று எழுதினேன், ஆனால் காய்ந்த பிறகு உட்காரவும் என்று எழுதவில்லை, அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்தேன். அப்பா பேருந்து ஓட்டுநர், வெள்ளைச் சீருடை. செவ்வாய்க்கிழமை காலை அவசரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனவர், மாலையில் வந்து, “இன்னிக்கு டிப்போவுல நான் எழுந்து நின்னா எல்லாரும் சிரிக்கிறானுங்க. உட்கார்ந்தா பேசாம இருக்கானுங்க. என்னன்னே புரியல” என்றார். அம்மா பின்பக்கம் பார்த்துவிட்டு வாயில் இருந்த குண்டூசிகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

இதெல்லாம் போகட்டும். இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

எங்கள் தெருமுனையில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். தன் பெண் பாட்டுப் போட்டியில் மேடை ஏறுவதற்காக வெள்ளைப் பட்டில் ஒரு நீள கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறார். துணியைக் கொடுக்கும்போதே, “இது எங்க அம்மா எனக்குன்னு வாங்கி வச்ச பட்டு. இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. பாத்துக்கோங்க” என்றார். அவர் ‘பாத்துக்கோங்க’ என்று சொன்னால் நீதிமன்றத்தில் சொல்வது போலவே இருக்கும். அம்மா பதினோரு நாள் தைத்தார். கழுத்து ஓரத்துக்கு மட்டும் மூன்று நாள். சனிக்கிழமை மதியம் வாங்க வருகிறார்.

நேற்று, அதாவது புதன்கிழமை, அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அப்பா என் ஆறாவது குறிப்பைச் செயல்படுத்தினார். இரும்பில் ஒட்டிய அழுக்கைச் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு கரைக்கும் என்பது குறிப்பு. அப்பா மிஷினுக்கு இரண்டு கரண்டி விட்டுவிட்டார். “உங்கம்மாவுக்கு ஒரு ஆச்சரியம் குடுப்போம் கண்ணு” என்றார். கொடுத்துவிட்டார். அம்மா வந்து கவுனை மிஷினில் வைத்துக் கடைசித் தையல் போடும்போது, ஊசித் தண்டிலிருந்து எண்ணெய் இறங்கி, சரியாக நெஞ்சுப் பக்கத்தில், பெரிய கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு கறை.

அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கவுனை மிஷினிலிருந்து எடுத்து மடியில் விரித்து, கறையைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். அப்பா கதவோரம் நின்று, “நான் வேணா வக்கீலம்மாகிட்ட பேசட்டுமா?” என்றார். “நீங்க பேசாம இருந்தாலே போதும்” என்றார் அம்மா. அப்புறம் நிமிர்ந்து அலமாரிக் கதவைப் பார்த்தார். “ஒம்பதாவது குறிப்பு!” என்றார்.

ஐயா, ஒன்பதாவது குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய்க் கறைமேல் சோள மாவைத் தூவி, பத்து நிமிடம் கழித்துக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி நன்றாகத் தேய்க்கவும். மாவு எண்ணெயைக் குடிக்கும், வெந்நீர் எதையும் கரைக்கும் என்று இரண்டையும் சேர்த்தேன். சோள மாவில் வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை எங்கள் சமையலறையிலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், சூப் கெட்டியாவது அதனால்தானே! எழுதும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருப்பது பசை காய்ச்சும் வழி. அதுவும் பட்டின்மேல். இன்று நூலகத்தில் துணிகளைப் பற்றிய தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். பட்டுக்கு வெந்நீர் பட்டால் சுருங்கும், பளபளப்புப் போகும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. “அம்மா, பட்டுல வெந்நீர் ஊத்தக் கூடாதாம், புத்தகத்துல இருக்கு” என்றேன். “முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவங்க சொல்றாங்க. நீ ஒரு டம்ளர் கழுவியிருப்பியாடி?” என்றார். “அவங்க தப்பா சொல்லியிருந்தா?” என்றேன். “பெரியவங்களை அப்படியெல்லாம் பேசாத” என்றார். என்னைப் பற்றி நானே தப்பாகப் பேசக் கூடாதாம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முன்னறை வரைக்கும் போனேன். முதல் முறை அம்மா அந்தப் பக்கத்தின் ஓரம் பிரிந்திருந்ததைத் தடவித் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். விளம்பரத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, சந்தாவுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, ஆபத்துக்கு எதை அழுத்துவது என்று சொல்லவில்லை. ஆகையால் நாளை வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எங்கள் தெருவுக்குப் பேப்பர் போட வருகிறவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவர் நேராக உங்கள் அலுவலகத்துக்குத்தான் திரும்புவார். அம்மா இன்றுதான் சோள மாவு வாங்கி வந்திருக்கிறார், நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீர் வைப்பார். அதற்குள் உறையின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, ஒன்பதாவது குறிப்பு தவறு, செய்ய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார். குறிப்பை எழுதியது யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அம்மாவிடம் மட்டும் சொல்லவும், வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

தங்கள் பத்திரிகை மென்மேலும் வளர வேண்டும், தங்கள் வீட்டில் யாரும் அந்த இணைப்பைப் படித்திருக்கக் கூடாது என்ற பிரார்த்தனையுடன்,

தங்கள் உண்மையுள்ள, ஆனால் முப்பது ஆண்டு அனுபவம் இல்லாத,
தையல்காரர் மகள்

பின்குறிப்பு (சனிக்கிழமை மாலை): ஐயா, தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். நேற்றுக் காலை பேப்பர்காரர் வரவில்லை. அவர் சைக்கிள் பஞ்சராம். நான் நாள் முழுக்க வகுப்பில் எதையும் கவனிக்காமல் இருந்துவிட்டு ஐந்து மணிக்கு ஓடி வந்தால், கவுன் நிழலில் காய்கிறது. கறையைக் காணோம். “மாவு போட்டு ராத்திரி பூரா விட்டேன். காலையில தட்டிட்டு, மிச்சத்தைப் பச்சத் தண்ணியில அலசினேன்” என்றார் அம்மா. “வெந்நீர்?” என்றேன். “அது அச்சுல தப்பா விழுந்திருக்குடி. பட்டுல யாராவது வெந்நீர் ஊத்துவாங்களா? அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்ன?” என்றார்.

இன்று வக்கீலம்மா வந்து, மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. “சுத்தமா இருக்கு” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அம்மா உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டாமலே என்னிடம் தந்து தபாலில் போடச் சொன்னார். நான் படித்துவிட்டேன். ‘முப்பது ஆண்டு அனுபவமுள்ள இல்லத்தரசி’க்கு அனுப்பி வைக்கும்படி மேலே எழுதியிருக்கிறது. உள்ளே இவ்வளவுதான்: “அன்புள்ள அம்மா, உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. இனி எழுதும் முன் ஒரு தடவை செய்து பார்க்கவும். உங்களுக்கு அடுப்படி வசதி இல்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வரலாம். தினமும் மாலை ஐந்து மணிக்குமேல் காலியாகத்தான் இருக்கும். வரும்போது மாடிப்படியைத் தேய்க்க ஒரு பழைய துணியும் கொண்டு வரவும்.”

ஐந்து மணி என்பது நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம், ஐயா.