மூன்றாம் அறை ஆக்கிரமிப்பும் எங்கள் கண்டனங்களும்

ஊரைவிட்டு வெளிநாடு வந்து மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டில் ஆறு அறை, ஆறு குடித்தனம், ஒரே குசினி. 1986இல், அடுப்புக்குச் சண்டை வரக்கூடாது என்று ஒரு சங்கம் அமைத்தோம். தலைவர் தில்லையம்பலம் மாஸ்ரர். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே ஒரு கட்டடத்துக்குக் காவல். முதல் உலக யுத்தம் முடிந்து நாடுகளெல்லாம் கூடி அமைத்து ஜெனீவாவில் நடத்திய சங்கத்தின் விதிகள் அவருக்கு மனப்பாடம். அதையே எங்களுக்கும் எழுதித் தந்தார். "ஓர் அறைமீது கைவைப்பது எல்லா அறைகள்மீதும் கைவைப்பதாகும்." கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மூன்றாம் அறைத் தவமலர் தனி ஆள். கொழும்பில் நிற்கிற மகளைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருந்தா. பிள்ளைக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க நகரசபைக் கவுன்சில் ஆள் வருவார் என்று கடிதமும் வந்துவிட்டது.

அந்த மாதம்தான் பக்கத்து அறை யோகராஜா, விடிய எங்களைத் தன் வானில் வேலைக்கு ஏற்றிப்போகிறவர், இரண்டு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து அவவின் அறையில் வைத்தார். பிறகு ஒரு குளிர்சாதனப் பெட்டி. பிறகு மடக்குக் கட்டிலோடு அவரின் மாமியார்.

தவமலர் முறையிட்டா. சங்கம் கூடியது.

"நான் பிடிக்கேல்லை, திருத்திறன்," என்றார் யோகராஜா. "சுவரெல்லாம் பூஞ்சணம். அவவுக்கு ஒரு அறையை வைச்சிருக்கத் தெரியாது. நான் தரைக்குக் காப்பெற் விரிப்புப் போட்டிருக்கிறன், போய்ப் பாருங்கோ."

"நான் காப்பெற் கேட்டனானே? என்ர பிள்ளை எங்க படுக்கிறது?"

"பொறுங்கோ தங்கச்சி," என்றார் மாஸ்ரர். "முதலில விசாரணைக் குழு."

குழுவில் நானும் இருந்தேன். காப்பெற்றைத் தடவிப் பார்த்தோம். நல்ல தடிப்பு. இரு தரப்பாரும் அமைதி காக்கவேண்டும் என்று அறிக்கை எழுதி முடிப்பதற்குள் இரண்டு மூட்டை நாலாகிவிட்டது.

மாஸ்ரருக்குக் கோபம் வந்தது. "இத்தாலி அபிசீனியா எண்ட ஏழை நாட்டுக்குள்ள பூந்தபோது ஜெனீவாவில என்ன செய்தவை? பொருளாதாரத் தடை!"

தடை போட்டோம். யோகராஜாவுக்கு மிளகாய்த்தூள் இரவல் இல்லை. வெள்ளிக்கிழமை வடை இல்லை. வாசித்து முடித்த பேப்பரும் இல்லை.

"அவற்ற வானில வேலைக்குப் போறதை நிப்பாட்டுங்கோ," என்றா தவமலர். "நீங்கள் குடுக்கிற பெற்றோல் காசில்லாட்டி வான் ஓடாது. ஒரு கிழமையில வழிக்கு வந்திடுவார்."

விடிய ஐந்து மணி ஷிப்டுக்கு பஸ் இல்லை. எனக்கு முழங்கால் நோ வேறு. "வான் மனிதாபிமானத் தேவை," என்று நான்தான் சொன்னேன்.

"ஜெனீவாவிலயும் பெற்றோலைத் தடை செய்யேல்லை," என்று மாஸ்ரர் ஆதாரம் காட்டினார்.

கவுன்சில் ஆள் வந்தார். ஒரு கட்டிலில் தவமலர், மற்றதில் மாமியார், நடுவில் அரிசி. இடமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் விசா மறுத்துக் கடிதம் வந்தது.

அடுத்த கூட்டத்தில், நிலைமை மாறிவிட்டபடியால் தடைகள் நீக்கப்பட்டன. வடை பரிமாறப்பட்டது.

"மாஸ்ரர், அந்த அபிசீனியாவுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று தவமலர் கேட்டா.

மாஸ்ரர் யோசித்தார். "தெரியாது தங்கச்சி. தடை போட்டதோட எங்கட பரீட்சைப் பாடம் முடிஞ்சுது. அதில எனக்கு நல்ல புள்ளி, விசேட சித்தி."

அடுத்த விடயம், ஊரில் அரசாங்க ஆமி வீடுகளுக்குள் புகுவதைக் கண்டித்து ஐக்கிய நாடுகள் சபைக்குக் கையெழுத்திட்டு அனுப்ப ஒரு மகஜர். "பலமுள்ளவன் அடுத்தவன்ர வீட்டுக்குள்ள பூந்துகொள்ள, உலகம் பார்த்துக்கொண்டு நிக்குது!" என்று மாஸ்ரர் வாசிக்க எங்களுக்குக் கண் கலங்கியது. முதல் ஒப்பம் யோகராஜா வைத்தார். இரண்டாவது நான்.

தவமலர் மட்டும் பேனையைத் தொடாமல் எழும்பிப் போனா.

"இப்பிடி ஒற்றுமை இல்லாத ஆக்களாலதான் எங்கட சனத்துக்கு இந்தக் கதி," என்றார் மாஸ்ரர்.

அதையும் ஒரு தீர்மானமாக எழுதி ஏகமனதாக நிறைவேற்றினோம்.