வெள்ளிக்கிழமைத் தடுப்பூசி

லெப்பைக்குடிக்காடு,
பெரம்பலூர் மாவட்டம்.
ஜூன் 2002

'அறிவியலும் சட்டமும்' பக்கத்தை நடத்தும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரைக்கும் விடாமல் வாசிக்கும் நஜீமுதீன் (தொலைபேசித் துறை லைன்மேன், ஓய்வு) எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் என் குடும்பமும் நலம். வெள்ளாறு மட்டும் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. தாங்களும் தங்கள் வீட்டாரும், எழுத்துப் பிழை பார்க்கும் தோழரும் நலமாக இருக்க துவா செய்கிறேன். அந்தத் தோழருக்காகக் கூடுதலாகவே செய்கிறேன். காரணம் கீழே வருகிறது.

நான் தங்களுக்குப் புதியவன் அல்ல. வெளிநாட்டில் ஒரு செம்மறி ஆட்டைப் போலவே இன்னொரு ஆட்டை விஞ்ஞானிகள் உண்டாக்கிவிட்டார்கள் என்று தாங்கள் எழுதியபோது, அப்படியானால் பக்ரீத் சமயத்தில் ஆட்டு விலை இறங்குமா என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் எந்த வருஷம் என்று தெரியாமல் முழிக்கும், கரண்ட் நின்றுபோகும் என்று எழுதினீர்கள். அதை நம்பி அண்டா, குண்டான், பிரியாணிச் சட்டி வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஜனவரி ஒன்றாம் தேதி கரண்ட் வழக்கம்போலப் போனது, வழக்கம்போல வந்தது. கம்ப்யூட்டரில் போடுகிற கையெழுத்தும் சட்டப்படி செல்லும் என்று பிறகு ஒரு செய்தி போட்டீர்கள். பாங்கியில் நான் போன மாதம் போட்ட கையெழுத்து இந்த மாதம் வருவதில்லை. ஆகையால் அந்தச் சட்டத்தை மனமார வரவேற்று எழுதினேன். அதைத் தாங்கள் பிரசுரித்தீர்கள். பெயரை மட்டும் 'நஜீமுன்னிசா' என்று பெண் பெயராகப் போட்டுவிட்டீர்கள். என் மனைவி ரஹ்மத் இன்றைக்கும் கோபம் வந்தால் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறாள்.

ஆனால் இது அந்த மாதிரி அபிப்பிராயக் கடிதம் இல்லை, ஐயா. இதில் என் மகள் இருக்கிறாள்.

ஆஃப்ரா எனக்கு ஒரே மகள். இதே ஊரில் சஃப்வான் என்ற பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தேன். குவைத்தில் ஏசி மெக்கானிக். தங்கமான பிள்ளை, அதிகம் பேசாது; என்னிடம் சுத்தமாகவே பேசாது. நிக்காஹ் முடிந்து இரண்டு மாதத்தில் லீவு தீர்ந்து போய்விட்டார். போன நோன்பில் எங்கள் வீட்டில் வைத்துப் பேத்தி ஷிஃபா பிறந்தாள். மாப்பிள்ளை தன் பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அதுவும் பிள்ளை கண்ணை மூடியிருக்கும்போது எடுத்த போட்டோ.

இப்படியிருக்க, பிப்ரவரி மாதம் தங்கள் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு செய்தி: கம்ப்யூட்டரில் இணையம் வழியாக வெளிநாட்டுக்குத் தொலைபேசி போலப் பேசுவது நம் நாட்டில் இன்னும் அனுமதிக்கப்படவில்லை, அது சட்டப்படி குற்றம். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. வெயிலிலும் மழையிலும் கம்பத்தில் ஏறி லைன் இழுத்தவன் நான். எங்கள் லைனை ஏமாற்றி ஒருவன் ஓசியில் பேசினால் எனக்கு வலிக்காதா? வழக்கப்படி வீட்டில் உரக்க வாசித்தேன். ஆஃப்ரா கையிலிருந்த பால் டம்ளர் கீழே விழுந்தது. ரஹ்மத், "அந்தப் பேப்பர்ல ஒரு நல்ல சேதியும் வராதா?" என்று கேட்டுவிட்டு, தரையைத் துடைக்கிற சாக்கில் மகளுக்குக் கண்ணைக் காட்டியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. வாராவாரம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டு, நான் கண்ணயரும் நேரம் பார்த்து, தாயும் மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறுவார்கள். கேட்டால் தடுப்பூசி. இத்தனை நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களே என்று விஞ்ஞானத்தை நினைத்து நான் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அழுதுகொண்டல்லவா வீடு வர வேண்டும்? எங்கள் பேத்தி சிரித்துக்கொண்டு வருவாள். அவளைப் பெற்றவள் முகமும் அப்படியே இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூங்குவதுபோலப் படுத்திருந்து, அவர்கள் போன பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பெரம்பலூரில் இறங்கி எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் தேடினேன். கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை மாடிப்படியில் ரஹ்மத்தின் செருப்பு கிடந்தது. பிய்ந்துபோன அதன் வாரை நானே டெலிபோன் வயரால் முறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தேன். ஆகையால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மேலே ஏறினால் அது ஒரு பிரவுசிங் சென்டர். பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறை. ஒன்றில் என் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரஹ்மத் முந்தானையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள்.

"என்னா ஊசிம்மா போடறாங்க இங்க?" என்று கேட்டேன்.

ரஹ்மத் விசிறுவதை நிறுத்தவில்லை. "வந்தது வந்துட்டீங்க, சத்தம் போடாம உக்காருங்க. மாப்ள லைன்ல இருக்காரு."

"எந்த லைன்ல? அது நான் இழுத்த லைனு!"

சென்டர் நடத்தும் ஜெயசித்ரா என்ற பெண் எழுந்து வந்தது. மரியாதையான பெண்தான். "பாய், உக்காருங்க. உங்க டிபார்ட்மெண்ட் லைனுக்கு மாசாமாசம் பில்லு நான்தான் கட்டறேன். யாரையும் ஏமாத்தல."

"இது குத்தம்மா. பேப்பர்ல போட்டுருக்கான்."

"எந்தப் பேப்பரு?"

தங்கள் பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். "அதுவா? போன வாரம் அதுல ராசிபலன் பாத்தேன் பாய். பதினோரு ராசிதான் இருந்துச்சு. என் ராசியவே காணோம்," என்றது அந்தப் பெண். எழுத்துப் பிழை பார்க்கும் தோழர் இதையும் கவனிக்க வேண்டும்.

ஆஃப்ரா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழவில்லை. "அத்தா, இதுவும் வேணாம்னா நான் என்னாதான் பண்றது?" என்று மட்டும் கேட்டாள். மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து பூச்சி கத்துகிற மாதிரி, "அலோ, அலோ, ஆஃப்ரா" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது.

துறை ஆள் என்ன சொல்வானோ அதைத்தான் நான் சொன்னேன்: வெளிநாட்டுக்கு நேராகப் பேச ஐ.எஸ்.டி. இருக்கிறதே! என் வீட்டிலேயே போன் இருக்கிறது, என் செலவில் பேசு, தலைநிமிர்ந்து பேசு. அன்றோடு தடுப்பூசி நின்றது.

அடுத்த வெள்ளி போன் பூட்டைத் திறந்து, நானே நம்பரைச் சுற்றிக் கொடுத்து, பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு நின்றேன். ஆஃப்ரா, "நல்லாருக்கீங்களா?" என்றாள். அங்கே, "நல்லாருக்கேன், நீ?" என்றிருக்கும். "நல்லாருக்கேன்," என்றாள். பிறகு இருவரும் சும்மா இருந்தார்கள். மீட்டர் ஓடுகிறதே என்று எனக்குப் படபடப்பு. "பேசும்மா, பேசு!" என்றேன். அவள் ரிசீவரை என்னிடமே நீட்டிவிட்டாள். பிள்ளை வாயருகே ரிசீவரை வைத்தேன். நாள் முழுக்க ஊரைக் கூட்டுகிற பிள்ளை, ஐ.எஸ்.டி. என்றதும் அதிகாரியைப் பார்த்த மாதிரி வாயை மூடிக்கொண்டது. தொடையில் லேசாகக் கிள்ளிப் பார்க்கலாமா என்று யோசித்தேன்; ரஹ்மத் முறைத்ததில் விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ஆஃப்ரா, "வேணாம் அத்தா, அவங்க நல்லாத்தான் இருக்காங்களாம்," என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் மகளின் குரல் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் வரும். தானாக ஒரு சொல் வராது.

ஒரு நாள் அடுப்படியில் ரஹ்மத்திடம் கேட்டேன். "அந்தச் சென்டர்ல மணிக்கணக்கா பேசுனாளே, இங்க ஏன் மூணு நிமிஷத்துக்கே பேச்சு வரல?"

"அங்க மட்டும் என்னா பேசுனாங்கன்னு நெனச்சீங்க? ஒண்ணும் பேச மாட்டாங்க," என்றாள் ரஹ்மத். "அங்க ரூம்ல கூட்டாளியோட கம்ப்யூட்டரத் தொறந்து வச்சிட்டு அவரு சோறாக்குவாரு. வெங்காயம் அரியற சத்தம் கேக்கும், குக்கர் விசில் கேக்கும். இவ இங்க புள்ளைக்குப் பால் குடுப்பா, தட்டித் தூங்க வைப்பா. புள்ள சிணுங்குனா ஹெட்போன அது காதுல வைப்பா, 'என்னவாம்?'னு அங்கேர்ந்து கேப்பாரு. 'ஒண்ணுல்ல, தூக்கம்'னு இவ சொல்லுவா. அவ்ளோதாங்க. ஒரே வூட்டுல இருக்குற மாரி."

ஆசிரியர் ஐயா, ஊர் ஊராக எத்தனையோ வீட்டுக்கு நான் போன் இழுத்திருக்கிறேன். அந்தக் கம்பியில் ஜனங்கள் பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பேசாமல் இருக்கவும் ஒரு லைன் வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அன்று மாலை பள்ளிவாசலில் நின்று தொழுதேன். எனக்கு மனசெல்லாம் அந்தக் குக்கர் விசில்தான்.

ஆனாலும் சட்டம் சட்டம்தானே? பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சில் என் பழைய அதிகாரி சிங்காரவேலு சார் இருக்கிறார். அவரிடம் போய், இதற்கு எப்போது அனுமதி வரும் என்று கேட்டேன். வாராவாரம் கேட்டேன். "யோவ் நஜீமு, சட்டம் போடறவன் என்கிட்ட கேட்டுட்டாய்யா போடறான்? நானும் உன்ன மாரி பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

கடைசியில் தங்கள் பக்கத்திலேயே வந்தது. குற்றம் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்ட தாங்கள், அனுமதி என்பதை மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதிலும் எந்தத் தேதியிலிருந்து அனுமதி? ஏப்ரல் ஒன்று! வயசான மனுஷனை முட்டாளாக்குகிறார்கள் என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கெல்லாம் மனசு கேட்கவில்லை. மறுநாள் சிங்காரவேலு சாரிடம் ஓடினேன்.

"நெசந்தான்யா," என்றார். "இங்க கம்ப்யூட்டர், அங்க கம்ப்யூட்டர், பேசலாம். இங்க கம்ப்யூட்டர், அங்க போனு, பேசலாம். அங்க கம்ப்யூட்டர்லேர்ந்து இங்க உன் வூட்டுப் போனுக்கு மட்டும் வரக்கூடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தால் எங்கள் வீட்டில் ஏற்பட்ட குழப்பம் கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் நானே பாய்ந்து எடுத்து, "மாப்ளயா? போன்லேர்ந்தா, கம்ப்யூட்டர்லேர்ந்தா? கம்ப்யூட்டர்னா வச்சிடறேன்," என்பேன். ஒருமுறை அது திட்டக்குடியிலிருந்து பேசிய சிமெண்ட் கடைக்காரர்.

அந்த வெள்ளிக்கிழமை நானே ரஹ்மத்தையும் மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். தனி மாவட்டமாகப் பிரித்த அரியலூரை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட செய்தியும் அந்த நாட்களில்தான் வந்திருந்தது. பஸ் முழுக்க அதே பேச்சு. "நல்ல நேரங்க, சேக்குற நேரம்," என்றாள் ரஹ்மத். ஜெயசித்ரா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. தங்கள் பேப்பரைக் காட்டினேன். "நான் என்னைக்கு பாய் உங்கள வேணாம்னேன்?" என்று சிரித்துவிட்டு நாற்காலி போட்டது.

லைன் கிடைத்தது. லைன்மேன் என்ற முறையில் சொல்கிறேன், தரம் படுமோசம். ஒரு சொல் போய்ச் சேர மூச்சு விடுகிற நேரம் ஆகிறது; கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி எதிரொலி. ஆஃப்ரா ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. நானும் சும்மா இருந்தேன். அங்கே எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"மாமா," என்றார் மாப்பிள்ளை. "என் மேல கோவமா?"

"இல்ல மாப்ள," என்றேன். அது போய்ச் சேருவதற்குள் அவர் மறுபடி, "மாமா, கோவமா?" என்றார். நான் மறுபடி, "இல்ல மாப்ள," என்றேன். அந்தப் பக்கம் இரண்டு 'இல்ல'யும் சேர்ந்தாற்போல் போயிருக்க வேண்டும். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "என்னா சமையல்?" என்று கேட்டேன். "பருப்புதான் மாமா," என்றார். "சீரகத்தத் தட்டிப் போடுங்க," என்றேன். அதற்குள் ஷிஃபா என் காதிலிருந்து ஹெட்போனைப் பிடித்து இழுத்து, மைக்கை வாயில் போட்டுக்கொண்டு ஒரு கத்து கத்தினாள். குவைத்தில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பருப்பு கருகிவிட்டதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லை. என் மகள் மறுபடி தானாகப் பேசுகிறாள். என்னைக் கேலிகூடச் செய்கிறாள். ஆகவே, விஞ்ஞானம் தூரத்தை ஒழித்துவிட்டது என்று அனுபவப்பட்டவன் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன். அனுமதி தரும் செய்திகளை இனிமேல் பெரிய எழுத்தில் போடும்படியும், இந்தக் கடிதத்தை முழுமையாக, ஆண்பாலில், பிரசுரிக்கும்படியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டிலும் எந்த லைனும் அறுபடாமல் இருக்க ஆண்டவன் அருள்புரிவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு வாசகன்,
நஜீமுதீன்

பின்குறிப்பு: உறை வாங்கச் சோம்பல்பட்டு இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து இறங்கிவிட்டார். ஆகையால் மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். தூரம் ஒழிந்தது என்று சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டுக் கத்தியது. பொம்மை காட்டினார், மிட்டாய் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மனுஷன் கண் கலங்கிப்போய் நின்றார். ரஹ்மத்தான், "மாப்ள, செத்த அந்தக் கதவுக்குப் பின்னால போயி நின்னு பேசுங்க," என்றாள். அவர் போய் நின்று, "ஷிஃபாம்மா, என்னவாம்?" என்றார். அழுகை நின்றது. பிள்ளை கதவைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தது. அதுமுதல் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். முந்தாநாள் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டது. இன்று காலை பாதி முகம் வரைக்கும் வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு இந்த லீவு போதும் என்கிறாள் ஆஃப்ரா.