ரயிலைத் தந்தவர் காலி செய்த மண்டபம்

மேடையில் பேசுகிறவர்களுக்கு, எதிரில் இருப்பவர் எதற்காகத் தலையாட்டுகிறார் என்பது தெரியவே தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் மேடையேற மாட்டார்கள்.

எம்.ஏ. முடித்த கையோடு, பொம்மிடியில் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு மண்டபத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். 'உலகை மாற்றியவர்கள்' என்பது தலைப்பு. நான் எடுத்துக்கொண்டவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, வாலிப வயதில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகி, பிறகு ரயில் எஞ்சின் செய்து ஊர்களை இணைத்த அந்த ஆங்கிலேயர். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். (எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.) வாழ்க்கையில் முதல் மேடை. இது நன்றாக அமைந்தால் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. எந்த ஊருக்கு எந்தப் புடவை என்பது வரை முடிவு செய்திருந்தேன்.

"இந்த மாமனிதர் இல்லையென்றால், இன்று நாம் இங்கே இருக்க மாட்டோம்" என்று ஆரம்பித்தேன். வெளியே ஹாரன் கேட்டது. முதல் வரிசை எழுந்தது. இரண்டாவது வரிசை பையைத் தேடியது.

கூட்டத்தை நடத்திய தமிழாசிரியர் மேடையருகே ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க மேடம். சேலம் பாசஞ்சர் தெனமும் லேட்டாத்தான் வரும். இன்னிக்குன்னு பார்த்து டயத்துக்கு வந்துருச்சுங்க. நீங்க பேசிட்டே இருங்க, இவங்கள ஏத்திவுட்டுட்டு வந்துடறேன்."

அவரும் அதே ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டார் (பிறகுதான் தெரிந்தது). ஒரு மேதையின் பங்களிப்பு எவ்வளவு நிலையானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் அசையவில்லை. கண்களை மூடி, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுப் பேச்சையும் அவர் ஒருவருக்காகவே பேசினேன். உச்சக்கட்டத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன்.

அவர் திடுக்கிட்டு விழித்தார். "பாசஞ்சர் வந்துருச்சுங்களா?"

"போயிருச்சுங்க" என்றேன்.

ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று ஃபேனுக்கு அடியில் வந்து உட்கார்ந்தவராம். பாவமாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டீ வாங்கிக் கொடுத்தேன். "என்னங்க பேசுனீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார். நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். கையில் சூடான டம்ளர் இருந்ததால் அவரால் ஓட முடியவில்லை.

அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம். காதல் கல்யாணமா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லாரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார்: "அதெல்லாம் இல்லைங்க. அன்னிக்கு மண்டபத்துல இவ பேசுனதைக் கேட்டிருந்தா, நானும் ட்ரெய்னைப் புடிச்சிருப்பேன்."